ஏழு வயதுப் பையன் ஏன் வேறு பங்குக்குப் போனான்?

கேள்வி: நான் அமெரிக்காவில், வட கரோலினா மாநிலத்தின் ராலே நகரில் வேலை பார்க்கிறேன். என் அலுவலகத் தோழி கறுப்பினத்தவர். அவருடைய முன்னோர் அடிமைகளாக இருந்த பண்ணையின் பாகப்பிரிவினைக் காகிதங்களை ஆவணக் காப்பகத்தில் இருவரும் தேடி எடுத்தோம். பண்ணைக்காரர் 1850-களில் உயில் எழுதாமல் இறந்திருக்கிறார். அடிமைகளை ஐந்து பங்காகப் பிரித்திருக்கிறார்கள். தோழியின் வீட்டில் சொல்லிவந்த மூதாட்டியின் பெயர் ஒரு பங்கில் இருக்கிறது. அவருடைய ஏழு வயது மகன் பெயர் இன்னொரு பங்கில். கடைசியில் ‘இரண்டாம் பங்குக்காரர் ஐந்தாம் பங்குக்காரருக்கு 40 டாலர் தர வேண்டும்’ என்று ஒரு வரி. தோழி அதைப் படித்துவிட்டு அன்று முழுக்கப் பேசவில்லை. ஏன் இப்படிப் பிரித்தார்கள்? அந்தப் பையன் எங்கே போனான் என்று இனிக் கண்டுபிடிக்க முடியுமா?

பதில்: அன்புச் சகோதரி, உங்கள் முதல் கேள்விக்கான பதில் அந்த 40 டாலர் வாக்கியத்திலேயே இருக்கிறது. ஐந்து வாரிசுகளுக்கும் சமமான மதிப்பு போய்ச் சேர வேண்டும் என்பது சட்டம். நீதிமன்றம் நியமித்த அக்கம்பக்கத்து நிலக்காரர்கள் சிலர் பண்ணைக்கு வந்து ஒவ்வொரு ஆளையும் பார்த்து விலை போடுவார்கள். அப்புறம் கூட்டுத்தொகை ஏறக்குறைய ஒன்றாக வரும்படி ஆட்களை மாற்றி மாற்றிச் சேர்ப்பார்கள். எந்தப் பங்கு யாருக்கு என்பதைப் பெரும்பாலும் சீட்டுப் போட்டு எடுப்பார்கள். மிச்சமிருக்கும் வித்தியாசத்தைப் பணமாகக் கொடுத்து நேர்செய்வார்கள். தாயையும் மகனையும் ஒரே பங்கில் வைத்தால் அந்தப் பங்கின் தொகை கூடிவிடும் என்றால், மகனை எடுத்து அடுத்த பங்கில் வைப்பார்கள். கைக்குழந்தையைத்தான் தாயோடு சேர்த்து ஒரே விலையாக எழுதும் வழக்கம் பரவலாக இருந்தது. ஏழு வயதென்றால் தனி விலை போட்டுவிடலாம்.

மூத்த மகனுக்கே நிலம் முழுவதும் என்ற பழைய இங்கிலாந்து முறையை வட கரோலினா 1784-இலேயே விட்டுவிட்டது. பிள்ளைகளுக்குள் பாரபட்சம் கூடாது என்ற நல்ல எண்ணம்தான் அது. ஆனால் அந்த நியாயம் வெள்ளைக்கார வாரிசுகளுக்கு மட்டும். நிலத்தைப் பங்கு போட்டால் வரப்பு மாறும், அவ்வளவுதான். மனிதர்களைப் பங்கு போட்டால் குடும்பம் பிரியும். உடைமைக்காரர் கெட்டவராக இருந்திருக்க வேண்டும் என்றுகூட இல்லை, அவர் செத்துப்போனாலே போதும். ஊரில் எஜமானர் படுக்கையில் விழுந்தால் அடிமைகள் குடியிருப்பில் தூக்கம் போய்விடும் என்பது இதனால்தான்.

அடிமையாகப் பிறந்து, தப்பித்து, பின்னாளில் அடிமை ஒழிப்புத் தலைவராகப் புகழ்பெற்ற பிரெடரிக் டக்ளஸ் இதைச் சிறுவனாக அனுபவித்தவர். மேரிலாந்து மாநிலத்தின் டால்பட் கவுண்டியில் (கவுண்டி என்பது நம் மாவட்டம் போன்றது) அவருடைய எஜமானர் ஆரன் ஆந்தனி 1826-இல் உயில் இல்லாமல் இறந்தார். பால்டிமோர் நகரில் இருந்த சிறுவனை, விலை போடுவதற்காகவே பண்ணைக்குத் திரும்ப அழைத்து வந்தார்கள். கிழவர்களும் குழந்தைகளும், குதிரைகளும் மாடுகளும் பன்றிகளும் ஒரே வரிசையில் நிற்க, ஒரே மாதிரி சோதித்துப் பார்த்தார்கள் என்று 1845-இல் எழுதினார். எஜமானரின் மகன் ஆண்ட்ரூ முரடர். அவர் பங்கில் விழுந்துவிடக் கூடாதே என்று எல்லோரும் நடுங்கினார்கள். சிறுவன் மகள் லுக்ரீசியாவின் பங்கில் விழுந்தான், பால்டிமோருக்குத் திரும்பினான். ‘விழுந்தேன்’ என்பதுதான் அவர்கள் சொல். விடுதலைக்குப் பிறகு உறவுகளைத் தேடிப் பத்திரிகைகளில் விளம்பரம் கொடுத்தவர்களும் ‘சொத்து பிரித்தபோது நான் இன்னாருக்கு விழுந்தேன்’ என்றே எழுதினார்கள்.

சரி, பையனைத் தேடும் வேலைக்கு வருவோம். அவன் எந்த வாரிசுக்கு விழுந்தான் என்று முதலில் பாருங்கள். அது கல்யாணமான மகளாக இருந்தால், அவளுடைய கணவர் பெயரைப் பிடியுங்கள், ஏனென்றால் அன்றைய சட்டப்படி அவள் பங்கு அவர் கைக்குத்தான் போகும். அவர் அலபாமாவுக்கோ மிசிசிப்பிக்கோ டெக்சாசுக்கோ பருத்தி நிலம் தேடிப் போயிருந்தால் பையனும் அங்கே போயிருப்பான். வாரிசு சிறு வயதுப் பிள்ளையாக இருந்தால் அதே பெயரில் காப்பாளர் கணக்கு, அதாவது பிள்ளையின் சொத்தைப் பார்த்துக்கொண்டவர் எழுதிய வரவு செலவுக் கணக்கு, இருக்கும். அதை விடாதீர்கள். வருடா வருடம் புத்தாண்டன்று அடிமைகளை யாருக்கு வாடகைக்கு விட்டார்கள், எவ்வளவு வாங்கினார்கள் என்று அதில் பெயர் போட்டு எழுதியிருப்பார்கள். பையன் பத்து வயதில் யார் வீட்டில் இருந்தான் என்பதுகூடக் கிடைக்கலாம்.

1850, 1860 மக்கள்தொகைக் கணக்கில் தேடி நேரத்தைக் கரைக்க வேண்டாம். அடிமைகளுக்கான பட்டியலில் உடைமைக்காரர் பெயரின் கீழ் வயது, பால், நிறம் மட்டும்தான் இருக்கும். விடுதலை பெற்றவர்கள் எல்லோரும் பெயரோடு வருவது 1870 கணக்கில்தான். அதில் அவன் ஏறக்குறைய பதினெட்டிலிருந்து இருபத்தேழு வயதுக்குள் இருக்கும் இளைஞன். குடும்பப் பெயர் கடைசி எஜமானருடையதாக இருக்க வேண்டும் என்றில்லை, முந்தைய எஜமானர் பெயரையும் தேடுங்கள். விடுதலை பெற்றவர்களுக்கு உதவ அரசு அமைத்த ஃப்ரீட்மென்ஸ் பீரோவின் ஆவணங்களும், அவர்களுக்கான சேமிப்பு வங்கியாக 1865 முதல் 1874 வரை நடந்த ஃப்ரீட்மேன்ஸ் வங்கியின் பதிவேடுகளும் உதவும். வங்கிப் பதிவேட்டில் கணக்கு தொடங்கியவரின் தாய், தகப்பன், உடன்பிறந்தோர் பெயர்களையும் பல இடங்களில் எழுதி வைத்தார்கள்.

மூதாட்டிக்கு இன்னொரு வழி உண்டு. வட கரோலினா 1866-இல், அடிமைக் காலத்தில் கணவன் மனைவியாக வாழ்ந்தவர்கள் அதைப் பதிவு செய்துகொள்ளச் சட்டம் இயற்றியது. கவுண்டிப் பதிவேட்டில் இருவர் பெயரும், எத்தனை ஆண்டுகள் சேர்ந்து வாழ்ந்தார்கள் என்பதும் இருக்கும். பல கவுண்டிகளின் பதிவேடுகள் இன்றும் கிடைக்கின்றன.

தோழியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நீங்கள் கண்டுபிடித்ததையெல்லாம் உடனே குறுஞ்செய்தியில் அனுப்பாதீர்கள். அவர் கேட்கும்போது, நேரில், நகலை அவர் கையில் கொடுங்கள். முதலில் அவரே படிக்கட்டும். விலைகளை நீங்கள் வாய்விட்டுச் சொல்ல வேண்டாம், பெயர்களைச் சொல்லுங்கள். பேசாமல் இருந்தால் பக்கத்தில் இருங்கள், போதும்.

அப்புறம், அந்த ஐந்து பங்குகளையும் இன்னொரு தடவை நிதானமாகப் பாருங்கள். யாராவது வயதானவரின் பெயருக்கு எதிரே பூஜ்யம் என்று போட்டிருக்கிறதா? வேலை செய்ய முடியாதவர்களுக்கு அப்படித்தான் எழுதுவார்கள். விலை இல்லை என்பதால் தேடுகிறவர்கள் அந்தப் பெயரைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். அவர் அந்தப் பையனின் பாட்டியாக இருக்கலாம்.