வேறு வைக்கும்போது கிரைண்டர் வாங்கணுமா, பெரிய மிக்சியே போதுமா?

கேள்வி: கல்யாணமாகி, காரைக்குடியில் எங்களை வேறு வைக்கப் போகிறார்கள், அதாவது தனிக்குடித்தனம். அடுப்படி சின்னது. 1000 வாட் மிக்சி ஒன்று வாங்கிவிட்டால் கிரைண்டர் இல்லாமல் சமாளிக்கலாமா? இவற்றை எப்படிச் சுத்தமாக வைத்துக்கொள்வது?

கிரைண்டரை விட்டுவிடாதீர்கள். மிக்சியில் வேண்டுமானால் 1000 வாட்டுக்குப் பதிலாக 750 வாட் எடுங்கள். மிச்சமாகும் பணத்தோடு இன்னும் கொஞ்சம் போட்டு 2 லிட்டர் டேபிள் டாப் கிரைண்டர் வாங்கிக்கொள்ளுங்கள். இட்லி மாவுக்காக இதைச் சொல்லவில்லை, அது இப்போது பாக்கெட்டிலேயே கிடைக்கிறது. நம் பக்கத்துப் பலகாரத்துக்காகச் சொல்கிறேன்.

வெள்ளைப் பணியாரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். உழக்கில் பச்சரிசியைத் தலை தட்டி அளந்து, அதன் மேலேயே கோபுரமாக எவ்வளவு உளுந்து நிற்கிறதோ அவ்வளவு உளுந்து. எங்கள் அப்பத்தா சொல்லிக்கொடுத்த அளவு இதுதான். உளுந்து கூடினால் எண்ணெய் குடிக்கும். இரண்டையும் சேர்த்தே ஊறவைத்து, ஆட்டி, உப்பும் துளி சர்க்கரையும் போட்டு, கொஞ்சம் பால் விட்டுக் கரைத்து, புளிக்கவிடாமல் உடனே எண்ணெயில் ஊற்ற வேண்டும். மாவு புளித்துப் பொங்க நேரமே கிடையாது, அதனால் பணியாரம் உப்பி வருவதும் மெத்தென்று நிற்பதும் ஆட்டுகிற பக்குவத்தில்தான் இருக்கிறது. மாவை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துத் தேய்த்தால் ஒரு குருணைகூடத் தட்டுப்படக் கூடாது.

மிக்சியில் அந்தப் பதம் வரும்வரை ஓட்டிப் பாருங்கள், ஜாரைத் தொட்டாலே சூடு தெரியும். மிக்சி பிளேடு நிமிடத்துக்குப் பத்தாயிரம் சுற்றுக்கு மேல் சுற்றி வெட்டுகிறது, அந்த வேகம் மாவில் சூடாக இறங்குகிறது. கிரைண்டர் நிதானமாகச் சுற்றிக் கல்லால் நசுக்குகிறது. உளுந்து காற்றை வாங்கிக்கொண்டு பொங்கி வருவது அதனால்தான். உளுந்தை மட்டும் தனியாக ஆட்டினால், அந்த மாவில் ஒரு சிட்டிகை எடுத்துத் தண்ணீரில் போட்டால் மிதக்க வேண்டும். அவசரத்துக்கு மிக்சியில்தான் அரைக்க வேண்டும் என்றால் ஐஸ் தண்ணீர் தெளித்து, விட்டுவிட்டு அரையுங்கள். சாப்பிடும்படி இருக்கும். விருந்தாளி வரும் நாளைக்கு அது வேண்டாம்.

இரண்டு பேருக்கு 2 லிட்டர் எதற்கு என்று கடையில் சின்ன அளவைக் காட்டுவார்கள். சின்னதில் கல்லின் கனம் குறைவு. அதோடு பணியாரம் சுட்டு நாலு பேர் கூடும் நாளில் இரண்டு ஈடு ஆட்ட வேண்டியிருக்கும். 2 லிட்டரில் ரொம்பக் கொஞ்சமாகப் போட்டால் கல்லுக்கு அடியில் மாவு சிக்காது என்பதும் உண்மைதான். அதற்கேற்றபடி இட்லி, தோசை மாவு என்றால் இரண்டு மூன்று நாளைக்குச் சேர்த்து ஆட்டிக்கொள்ளுங்கள். எந்தக் கம்பெனி என்பதைவிட, உங்கள் ஊரிலேயே பெல்ட்டும், மோட்டாரைக் கிளப்பிவிடும் கெப்பாசிட்டரும் மாற்றித்தர ஆள் இருக்கிறாரா என்று பாருங்கள். மோட்டார் உறுமுகிறது, டிரம் சுற்றவில்லை என்றால் பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றுதான் காரணம், செலவும் பெரிதாக ஆகாது. கிரைண்டர் பிறந்த ஊரே நம் கோயம்புத்தூர்தான். 1955-இல் சபாபதி என்பவர் அங்கே முதல் கிரைண்டரைச் செய்தார், இன்று புவிசார் குறியீடும் வாங்கியிருக்கிறது. ஆகவே தமிழ்நாட்டுக்குள் உதிரி பாகத்துக்குப் பஞ்சமில்லை.

இனி மிக்சி. செட்டிநாட்டு அடுப்படியில் மிக்சியைத் தேய்ப்பது சட்னி இல்லை, வறுத்த மசாலா. மிளகாய், மல்லி, சோம்பு, மிளகு, கல்பாசி எல்லாம் காய்ந்த சரக்கு. வறுத்த சூட்டோடு ஜாரில் கொட்டாதீர்கள். ஆவி மூடியில் நீராகக் கோத்துப் பொடியில் இறங்கிவிடும், பொடி கட்டி தட்டும், வாசமும் போய்விடும். தட்டில் பரப்பி நன்றாக ஆறவிட்டு, சின்ன ஜாரில் பாதி அளவு மட்டும் போட்டு, விப்பில் (பிடித்திருக்கும்வரை மட்டும் ஓடும் பக்கம்) நாலு தடவை தட்டிவிட்டு அப்புறம் ஓட்டுங்கள். விரலி மஞ்சளையும் சுக்கையும் முழுசாகப் போடவே கூடாது, முதலில் உரலில் இடித்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் அடியில் ஜாரையும் மோட்டாரையும் இணைக்கும் கப்ளரின் பல் தேய்ந்துவிடும். வருஷத்துக்கு வேண்டிய மிளகாய்த்தூளை மில்லில் கொடுத்து அரைப்பதுதான் சரி, மிக்சி அந்த வேலைக்கானது இல்லை.

மிக்சியின் அடியில் உள்ள தகட்டில் 30 நிமிட ரேட்டிங் என்று போட்டிருப்பார்கள். அரை மணி ஒரே ஓட்டமாக ஓட்டலாம் என்று அதற்குப் பொருள் இல்லை. ஐந்து நிமிடம் ஓட்டி இரண்டு நிமிடம் ஓய்வு கொடுக்கும் கணக்கு அது. ஓடிக்கொண்டிருக்கும்போதே நின்றுபோனால் பயப்படாதீர்கள். சுவிட்சை அணைத்து, பிளக்கை எடுத்து, சுமையைக் குறைத்து, கொஞ்சம் ஆறவிட்டு, அடியில் இருக்கும் ஓவர்லோட் பட்டனை அமுக்கினால் பெரும்பாலும் திரும்ப ஓடும்.

சுத்தம் செய்வதில் நேரம்தான் முக்கியம். ஆட்டி முடித்து மாவை வழித்த கையோடு டிரம்மில் ஒரு சொம்புத் தண்ணீர் விட்டு ஒரு நிமிடம் ஓடவிடுங்கள். அந்தத் தண்ணீரை மாவு கரைக்கவே வைத்துக்கொள்ளலாம். பிறகு கல்லைத் தனியே எடுத்து, கல்லின் இடுக்கையும் டிரம் நடுவில் இருக்கும் தண்டையும் சின்ன பிரஷ்ஷால் தேயுங்கள். மாவு காய்ந்து புளித்து வாடை வருவது அந்த இரண்டு இடத்தில்தான். மோட்டார் இருக்கும் உடம்பைக் குழாயடியில் காட்டவே வேண்டாம், ஈரத்துணி போதும். புதுக் கல் முதலில் கல்தூள் விடும். ஒரு கைப்பிடி பழைய அரிசியைத் தண்ணீர் விட்டு ஆட்டிக் கொட்டுங்கள், சாம்பல் நிறம் போகும்வரை திரும்பச் செய்யுங்கள்.

ஜாரை ராத்திரி முழுக்கத் தண்ணீரில் ஊறப்போடாதீர்கள். பிளேடுக்குக் கீழே இருக்கும் புஷ்ஷில் தண்ணீர் இறங்கி, நாளடைவில் அங்கிருந்தே ஒழுக ஆரம்பிக்கும். மசாலா வாடை போக ஒரு கைப்பிடி பச்சரிசியைப் பொடித்துக் கொட்டிவிட்டுக் கழுவுங்கள். கல் உப்பைப் போட்டு ஓட்டினால் பிளேடு கூராகும் என்பார்கள். ஒட்டிய அழுக்கை அது உரசி எடுக்கும், ஆனால் மழுங்கிய முனை கூராகாது. அதற்குச் சாணை பிடிக்கக் கொடுக்க வேண்டும். உப்புப் போட்டு ஓட்டினால் உடனே கழுவித் துடைத்துவிடுங்கள், எவர்சில்வரில் உப்பு ஈரம் தங்கினால் புள்ளி புள்ளியாக அரிக்கும். காரைக்குடிச் சம்பை ஊற்றுத் தண்ணீர் வரும் வீடு என்றால் உப்புப் படியும் கவலை குறைவு. போர் தண்ணீர் என்றால் டிரம்மில் வெள்ளையாகப் படியும், அதற்குப் புளித்தண்ணீர் தடவித் தேய்த்தாலே போய்விடும்.

கடைக்குப் போவதற்கு முன்னால் ஒன்று செய்துவிடுங்கள். பழைய வீடு என்றால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அடுப்படி பிளக்கில் எர்த் ஒழுங்காக இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். நம் பக்கத்துப் பெரிய வீடுகளில் அந்தக் காலத்து ஒயரிங் இன்னும் நிறைய இருக்கிறது, ஈரக் கையோடு தொடும் சாமான் இது. மிக்சிக்கும் கிரைண்டருக்கும் சின்ன பிளக் போதும். பின்னால் 2000 வாட் இண்டக்ஷன் அடுப்பு வாங்கும் எண்ணம் இருந்தால் 16 ஆம்பியர் பிளக் ஒன்றையும் இப்போதே போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.