சிறுதொழில்காரரிடமும் ஊராட்சித் தலைவரிடமும் என்ன கேட்பது? – கேள்வி பதில்

கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் சிறுதொழில் நடத்துபவர்களையும் ஊராட்சித் தலைவர்களையும் சந்தித்துப் பேசி எழுதுகிறவள் நான். அந்தப் பேட்டிகளைப் பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். தொழில் தொடங்க யோசனை கேட்டவர்களுக்குப் பதில் சுருக்கமாகத்தான் இருக்கும். அது என் துறை இல்லை.

ஈரோடு, கல்லூரி மாணவி: அக்கா, புராஜெக்டுக்காக மூன்று தொழில்முனைவோரைப் பேட்டி எடுக்க வேண்டும். முதல் கேள்வி என்ன கேட்கலாம்?

வெற்றியின் ரகசியம் என்ன என்று மட்டும் ஆரம்பிக்காதேம்மா. அந்தக் கேள்விக்கு எல்லோரிடமும் ஒரே பதில்தான் இருக்கிறது: உழைப்பு, நேர்மை, பெற்றோர் ஆசீர்வாதம். அது பொய் என்று சொல்லவில்லை. ஆனால் அதை வைத்துக்கொண்டு பனியன் தைப்பவர் யார், பம்பு செய்பவர் யார் என்று உன்னால் பிரித்துச் சொல்ல முடியாது. "நேத்து காலைல ஷட்டரைத் திறந்ததும் முதல்ல என்னங்க பண்ணீங்க?" என்று கேள். அவர் ரசாயனக் கேன் வந்ததைச் சொல்வார், ஆள் வராததைச் சொல்வார், கரண்ட் போனதைச் சொல்வார். பேச்சு தானாக நகரும்.

இரண்டாவது கேள்விதான் முக்கியம். பணம் எந்தத் தேதியில் உள்ளே வருகிறது, எந்தத் தேதியில் வெளியே போகிறது? இதைக் கேட்காமல் எழுந்து வராதே.

திருப்பூரில் பவர் டேபிள் என்றால் வெட்டிய துணியை வாங்கித் தைத்துக் கொடுக்கிற சிறு யூனிட். ஓவர்லாக், பிளாட்லாக் என்று கொஞ்சம் மெஷின்கள், டெய்லர்கள், துணி எடுத்துக் கொடுக்கும் கைமடி ஆட்கள். துணியும் ஆர்டரும் கம்பெனிக்காரருடையவை. வார முடிவில் சம்பளம் கொடுக்க வேண்டிய பொறுப்பு யூனிட்காரருடையது. அப்படி ஒரு யூனிட்டில் ஒரு சனிக்கிழமை மாலை உட்கார்ந்திருந்தேன். சம்பள நோட்டில் ஒவ்வொரு பெயருக்கு நேரேயும் ஒன்றரை, ஒன்றரை, ஒன்று, ஒன்றரை என்று ஷிப்டுக் கணக்கு எழுதியிருந்தது. எட்டு மணி நேரம் ஒரு ஷிப்டு, பன்னிரண்டு மணி நேரம் ஒன்றரை. அவர் கம்பெனிக்குப் போன் போட்டபடியே இருந்தார். "செக்கிங் முடியலைங்க, திங்கக்கிழமை பாருங்க" என்றது மறுமுனை. கடைசியில் பக்கத்து யூனிட்காரரிடம் கைமாற்று வாங்கிச் சம்பளம் போட்டார். விசாரித்தால், கொஞ்ச நாள் முன்பு அந்தப் பக்கத்து யூனிட்காரருக்கு இவர் கொடுத்திருக்கிறார். அந்தத் தெருவே இப்படிக் கைமாற்றில்தான் சனிக்கிழமைகளைக் கடக்கிறது. வெற்றி ரகசியம் கேட்டிருந்தால் இது எனக்குத் தெரிந்திருக்காது.

கோவை, கணபதி: அப்பா லேத் பட்டறை வைத்திருக்கிறார். பெரிய கம்பெனிக்கு ஜாப் ஒர்க். பில் போட்டு நான்கு மாதம் கழித்துத்தான் பணம் வருகிறது. சட்டத்தில் வழி இல்லையா?

இருக்கிறது. 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டப்படி, சரக்கை ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். எழுத்தில் ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள்தான். எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தாலும் 45 நாளைத் தாண்டக் கூடாது. தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டி. புகாரை இணையத்தில் பதியலாம், இந்த நிலுவைப் புகார்களுக்கென்றே உள்ள வசதியாக்கக் குழு விசாரிக்கும். அப்புறம், 2024 ஏப்ரலிலிருந்து வருமான வரியில் 43பி(எச்) என்ற பிரிவும் வந்தது. குறு, சிறு நிறுவனத்துக்குக் கெடுவுக்குள் பணம் தராவிட்டால், வாங்கியவர் அந்தத் தொகையை அந்த ஆண்டுச் செலவாகக் காட்ட முடியாது. கொடுத்த ஆண்டில்தான் காட்டலாம்.

ஆனால் நான் பேசிய பட்டறைக்காரர்களில் புகார் கொடுக்கத் துணிந்தவர்கள் குறைவு. கொடுத்தால் அடுத்த ஆர்டர் வராது. ஒரே கம்பெனியை நம்பி மூன்று லேத் ஓட்டுகிறவர் அந்தக் கம்பெனியின் மேல் எப்படிப் புகார் கொடுப்பார்? சட்டம் இந்தப் பயத்தைக் கணக்கில் எடுக்கவே இல்லை என்பது என் கருத்து. அப்பாவிடம் மூன்று விஷயம் சொல்லுங்கள். வாய்வார்த்தையில் வேலை எடுக்க வேண்டாம், பர்ச்சேஸ் ஆர்டர் வாங்கச் சொல்லுங்கள். டெலிவரி சலானில் தேதியோடு கையெழுத்து வாங்கச் சொல்லுங்கள். சிறுதொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவு எண்ணைப் பில்லில் அச்சடிக்கச் சொல்லுங்கள். அந்தப் பதிவு முழுக்க இலவசம், இடைத்தரகருக்கு ஒரு ரூபாய் கொடுக்க வேண்டாம்.

தாராபுரம்: இரண்டு லட்சம் கையில் இருக்கிறது. என்ன தொழில் செய்யலாம்?

மாவட்டத் தொழில் மையத்தில் கேளுங்கள்.

பல்லடம், ஆசிரியை: பெண் ஊராட்சித் தலைவரைப் பேட்டி எடுக்கப் போனேன். எல்லாக் கேள்விக்கும் கணவரே பதில் சொன்னார். அந்த அம்மா சிரித்துக்கொண்டு காபி கொண்டுவந்தார். என்ன செய்திருக்க வேண்டும்?

இது எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. உள்ளாட்சிகளில் பெண்களுக்கு 50 சதவீத இடம் என்று தமிழ்நாட்டில் 2016இல் சட்டம் திருத்தப்பட்டது. இடம் கிடைத்துவிட்டது, பேச்சு இன்னும் பல வீடுகளில் திண்ணையில் இருக்கிற ஆணிடம்தான் இருக்கிறது.

வீட்டில் உட்கார்ந்து பேசாதீர்கள். "மேல்நிலைத் தொட்டியைப் பார்க்கணும், கூட வாங்க" என்று அழைத்துக்கொண்டு நடங்கள். எந்தத் தெருவுக்குத் தண்ணீர் ஏறவில்லை, மோட்டார் எப்போது எரிந்தது, தண்ணீர் திறந்துவிடுகிறவர் எந்த நாள் வராமல் போனார் என்று அந்த அம்மாவுக்குத் தெரியும். ஊர்ப் பெண்கள் குடத்தோடு வந்து அவரிடம்தான் சண்டை போடுவார்கள், கணவரிடம் அல்ல. அடுத்து காசோலையைப் பற்றிக் கேளுங்கள். ஊராட்சிக் கணக்கில் தலைவரும் துணைத்தலைவரும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும். துணைத்தலைவர் கையெழுத்துப் போடாமல் இழுத்தடித்து வேலை நின்ற கதையைத் தலைவர்களே என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். அந்தக் கதையைத் தொட்டதும் பல பெண்கள் கணவரை நிறுத்தச் சொல்லிவிட்டுத் தாங்களே பேச ஆரம்பிப்பதைப் பார்த்திருக்கிறேன்.

தலைவர் பட்டியல் சாதியைச் சேர்ந்தவர் என்றால் ஊராட்சி அலுவலகத்துக்குள் போய்த் தலைவர் நாற்காலி எங்கே என்று கண்ணால் பாருங்கள். 2020இல் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் பட்டியல் சாதிப் பெண் தலைவரைக் கூட்டத்தில் தரையில் உட்கார வைத்த படம் வெளியே வந்ததே, நினைவிருக்கும். மதுரைப் பக்கம் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்தில் தனித் தொகுதி என்பதற்காகவே 1996 முதல் பத்து ஆண்டுகள் ஊராட்சித் தலைவர் தேர்தல் நடக்கவிடாமல் செய்தார்கள். 2006இல்தான் ஒழுங்காக நடந்தது. சாதியைக் கேட்பது நாகரிகமா என்று இரண்டு பேர் தனியாகக் கேட்டிருந்தீர்கள். கேட்காமல் ஊராட்சியைப் பற்றி எழுத முடியாது என்பதே அவர்களுக்கும் என் பதில்.

மேட்டுப்பாளையம்: எங்கள் பக்கத்து ஓடந்துறை ஊராட்சி காற்றாலை வாங்கியதாகச் சொல்கிறார்களே, உண்மையா, மிகையா?

உண்மை. 1996 முதல் 2006 வரை தலைவராக இருந்த சண்முகத்தின் காலத்தில் நடந்தது. 350 கிலோவாட் காற்றாலை, விலை சுமார் 1 கோடியே 55 லட்சம். ஊராட்சியின் சேமிப்பு 40 லட்சம், மீதி வங்கிக் கடன். உடுமலைப்பேட்டைப் பக்கம் மைவாடியில் நிறுவினார்கள். ஊருக்குப் போக மிஞ்சிய மின்சாரத்தை மின்வாரியத்துக்கு விற்றார்கள். பேட்டி எடுக்கப் போகிறவர்கள் காற்றாலைக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். அந்த 40 லட்சம் ஒரு கிராம ஊராட்சியிடம் எப்படிச் சேர்ந்தது? வீட்டு வரி, தண்ணீர்க் கட்டணம் ஒழுங்காக வசூலானதா, தெருவிளக்கு மின்கட்டணம் எவ்வளவு வந்தது? அதை யாராவது போய்க் கேளுங்கள்.

திருப்பூர், சாயப்பட்டறை உரிமையாளர்: நீங்கள் எங்கள் தொழில்காரர்களிடம் பேசும்போதெல்லாம் நொய்யலையே கேட்கிறீர்கள். நாங்கள் எத்தனை பேருக்கு வேலை கொடுக்கிறோம் என்று கேட்பதில்லை.

கேட்கிறேன், எழுதியும் இருக்கிறேன். ஆனால் நொய்யலை விட்டுவிட்டுத் திருப்பூரை எழுத என்னால் முடியாதுங்க. வெள்ளியங்கிரியில் பிறந்து கரூர் மாவட்டத்தில் காவிரியில் சேருகிற ஆறு. பாசனத்துக்கென்று கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் சாயக்கழிவு தேங்கியது. விவசாயிகள் வழக்குப் போட்டார்கள். கழிவுநீர் ஒரு சொட்டும் வெளியே வரக்கூடாது என்று 2006இல் உத்தரவு வந்தது. நிறைவேறாததால் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. உங்கள் தொழிலின் வரலாற்றில் இதைவிடப் பெரிய நிகழ்ச்சி எது, நீங்களே சொல்லுங்கள்.

ஒரத்துப்பாளையம் பக்கம், விவசாயி: அந்த ஐயா வேலைக் கணக்குச் சொல்கிறார். எங்கள் கிணற்றுத் தண்ணீரில் தென்னை கருகியபோது எந்தத் தொழில்முனைவோரும் பேட்டி கொடுக்க வரவில்லை. நீங்களும் அவர்களைத்தான் தேடிப் போகிறீர்கள்.

உங்கள் கோபம் நியாயமானது, ஐயா. தொழில்முனைவோரைப் பற்றிய பேச்சில் நீங்களும் ஓர் ஆள் என்பதுதான் என் நிலை. பட்டறைக்குள் வேலை செய்தவரும், பட்டறைக்குக் கீழே ஆற்றோரம் விவசாயம் செய்தவரும் சொல்லாத வரை அந்தப் பேட்டி பாதிதான்.

சாயப்பட்டறை உரிமையாளர் மறுபடியும்: 2011க்குப் பிறகு கோடிக்கணக்கில் போட்டு ஆர்.ஓ., எவாபரேட்டர் எல்லாம் வைத்தோம். கழிவை வெளியே விடாத ஊர் என்று எங்களைப் பார்க்க வெளியூரிலிருந்து வருகிறார்கள். அதை ஏன் சொல்வதில்லை? இந்தச் செலவில் ஒரு பைசாவாவது துணி வாங்குகிற வெளிநாட்டுக்காரன் தருகிறானா?

உங்கள் கடைசிக் கேள்வியில் நான் முழுக்க உங்கள் பக்கம். சாய நீரை வடிகட்டி, ஆர்.ஓ.வில் ஏற்றி, மிஞ்சிய உப்பு நீரைக் காய்ச்சி ஆவியாக்கி, நல்ல தண்ணீரைத் திரும்பச் சாயத்தொட்டிக்கே கொண்டுவருகிறீர்கள். மின்சாரமும் நீராவியும் தின்கிற வேலை அது. கிலோவுக்குச் சாயக்கூலி ஏறினால் ஆர்டர் வேறு ஊருக்குப் போய்விடும் என்ற பயத்தில் அந்தச் செலவை நீங்களே சுமக்கிறீர்கள். சட்டையின் விலைச்சீட்டில் ஆற்றைக் காப்பாற்றும் செலவும் ஏற வேண்டும். இதை எந்த மேடையிலும் சொல்வேன்.

ஆனால் நீங்கள் இந்த இயந்திரங்களை வைத்தது யாரால்? சந்தை கேட்டு வைக்கவில்லை. அரசு தானாக வந்து வைக்கச் சொல்லவும் இல்லை. ஆற்றோர விவசாயிகள் பல ஆண்டுகள் நீதிமன்றப் படியேறி வைக்க வைத்தார்கள். வெளியூர்க்காரர்களுக்குப் பிளாண்டைச் சுற்றிக் காட்டும்போது அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். இன்னொன்று, ஆவியாக்கிய பின் மிஞ்சுகிற கலப்பு உப்பும் கசடும் எங்கே போகின்றன? நான் பேசிய உரிமையாளர்கள் தண்ணீரைப் பற்றி மணிக்கணக்காகப் பேசினார்கள், இந்தக் கேள்வி வந்ததும் மேனேஜரைக் கூப்பிட்டார்கள்.

கோபி: மானியத்தோடு கடன் வாங்க எந்தத் திட்டம் நல்லது?
பொள்ளாச்சி: நீட்ஸ் திட்டத்தில் எவ்வளவு மானியம்?
அவிநாசி: மானியக் கடனுக்கு ஆள் தெரியுமா?

மூவருக்கும் ஒரே பதில். நீட்ஸ் என்பது புதிதாகத் தொழில் தொடங்குவோருக்கான தமிழ்நாடு அரசின் திட்டம். அதில் முதலீட்டில் 25 சதவீத மானியமும் 3 சதவீத வட்டிச் சலுகையும் உண்டு. பிரதமர் வேலைவாய்ப்புத் திட்டத்தில் உற்பத்திக்கு 50 லட்சம் வரை, சேவைத் தொழிலுக்கு 20 லட்சம் வரை திட்டச் செலவு காட்டலாம். எல்லாவற்றுக்கும் வாசல் மாவட்டத் தொழில் மையம்தான். ஆள் தேவையில்லை. ஆள் பிடித்தவர்கள் மானியத்தில் பங்கு கொடுத்துவிட்டுப் புலம்பியதை நிறையக் கேட்டுவிட்டேன். இனி இந்தக் கேள்விக்கு இங்கே பதில் வராது, மன்னியுங்கள்.

மேலூர்: மகளிர் குழுத் தலைவியைப் பேட்டி எடுக்கலாமா? பெரிய தொழில் ஒன்றும் நடத்தவில்லை, சேமிப்பும் கடனும்தான்.

"ஒன்றும் நடத்தவில்லை" என்று சொல்லாதீர்கள். மகளிர் சேமிப்புக் குழுக்களை நடத்தும் களஞ்சியம் இயக்கத்தின் சின்னப்பிள்ளை அம்மா உங்கள் மதுரை மாவட்டத்துக்காரர்தான். எழுதப் படிக்கத் தெரியாதவர். பிரதமர் வாஜ்பாய் அவர் காலைத் தொட்டு வணங்கினார், 2019இல் பத்மஸ்ரீ கிடைத்தது. குழுத் தலைவியிடம் தீர்மான நோட்டையும் கடன் நோட்டையும் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். யாருக்குக் கடன் மறுத்தார்கள், ஏன் மறுத்தார்கள் என்று கேளுங்கள். மறுத்துவிட்டு அதே தெருவில் தினம் முகம் பார்த்து வாழ்வது வங்கி மேனேஜருக்கு வராத சங்கடம். பணம் வரும் தேதியையும் போகும் தேதியையும் இங்கேயும் கேளுங்கள்.

சேலம்: எழுதியதை அச்சுக்கு முன் அவர்களுக்குக் காட்டலாமா?

தொகை, தேதி, பெயர் இவற்றை மட்டும் படித்துக் காட்டிச் சரிபாருங்கள். முழுவதையும் கொடுக்காதீர்கள்.

சாயப்பட்டறை உரிமையாளர்: சரி, நேரில் வந்து பாருங்கள். எல்லாவற்றையும் காட்டுகிறேன்.

கட்டாயம் வருகிறேன். பிளாண்டோடு கசடு அடுக்கிய கொட்டகையையும் பார்க்க வேண்டும், ஓராண்டு மின்கட்டண ரசீதுகளை எடுத்து வையுங்கள். ஒரத்துப்பாளையத்து ஐயாவையும் அழைத்து வரலாமா என்று முதலில் சொல்லுங்கள். அவரிடம் நான் கேட்டுவிட்டேன், வருகிறேன் என்கிறார்.