எம்.எஸ்சி. மைக்ரோபயாலஜி முடித்துவிட்டு காவிரி டெல்டாவிலேயே நோய்க்கிருமி ஆராய்ச்சி செய்ய முடியுமா? அன்றாட வேலை எப்படி இருக்கும்?

முடியும். மயிலாடுதுறைப் பக்கம் என்று எழுதியிருக்கிறீர்கள். கூடவே, "இங்கே ஆராய்ச்சி செய்ய என்ன இருக்கிறது, பேசாமல் பெங்களூருக்குப் போ என்று வீட்டில் சொல்கிறார்கள்" என்று ஒரு வரி. அந்த வரிக்காகத்தான் இந்தப் பதில்.

2022 ஜூலையில் காரைக்காலில் காலரா வந்து பொதுச் சுகாதார அவசரநிலை அறிவிக்க வேண்டியிருந்தது. உங்கள் ஊரிலிருந்து எவ்வளவு தூரம்? அதற்கு முன்னால் 1992-இல், காலராக் கிருமியில் ஓ1 வகை மட்டும்தான் நோயைப் பரப்பும் என்று உலகமே நம்பிக்கொண்டிருந்தபோது, ஓ139 என்ற புது வகை முதலில் தலைகாட்டியது சென்னையில். ஆற்று நீரும் உப்பு நீரும் கலக்கிற இடம், வெயில், மீன் இறங்குதளம், இறால் குளம், சாக்கடை: காலராக் கிருமி சேர்ந்த விப்ரியோ குடும்பத்துக்கு இதைவிட வசதியான இடம் கிடையாது. பழையாறில் கொள்ளிடம், பூம்புகாரில் காவிரி, காரைக்காலில் அரசலாறு, நாகூரில் வெட்டாறு, தெற்கே முத்துப்பேட்டை அலையாத்திக் காடு. பெங்களூரில் இருப்பவர் ஒரு சாம்பிளுக்கு ராத்திரி முழுக்கப் பயணம் செய்ய வேண்டும்; உங்களுக்கு டவுன் பஸ் போதும்.

அதனால் விப்ரியோவை வைத்தே சொல்கிறேன். காசநோய்க் கிருமி வளர்க்க ஆசை என்றால் அதற்கான பாதுகாப்பு நிலை 3 கூடம் வேண்டும், அது வேறு கதை. விப்ரியோ நிலை 2-இல் அடங்கும்.

புதிதாக வருகிறவர்கள் சீக்வென்சிங், ஜீனோம் என்றுதான் கனவு காண்கிறார்கள். வேலை கெடுவது அங்கே அல்ல. சாம்பிள் பெட்டியிலும், கிருமி வளர்க்கும் முதல் மூன்று தட்டிலும்தான் கெடுகிறது.

சாம்பிளை ஐஸ் மேல் நேரடியாக வைக்கக் கூடாது. மற்ற நீர்ப் பரிசோதனைக்கெல்லாம் 4 டிகிரி என்று படித்திருப்பீர்கள். அதே பழக்கத்தில் விப்ரியோ சாம்பிளையும் ஐஸ் கட்டிக்குள் புதைத்தால், கிருமி உயிரோடு இருந்தும் தட்டில் வளராத நிலைக்குப் போய்விடும். அப்புறம் "இந்த முகத்துவாரத்தில் விப்ரியோ இல்லை" என்று அறிக்கை எழுதுவீர்கள். இறால், நண்டு, மீன் என்றால் ஐஸுக்கும் பைக்கும் நடுவில் ஒரு துண்டு, 10 டிகிரி வாக்கில் இருந்தால் நல்லது. காலராவுக்கான தண்ணீர் என்றால் நிழலில், சாதாரண வெப்பத்திலேயே கொண்டுவந்து அன்றைக்கே போடுங்கள். உப்புத்தன்மையையும் நீரின் வெப்பத்தையும் அங்கேயே நின்று குறித்துக்கொள்ள வேண்டும். கையடக்க ரிஃப்ராக்டோமீட்டர் போதும். ஐப்பசி மழைக்கு முன்னும் பின்னும் ஒரே முகத்துவாரம் இரண்டு வேறு ஊர் மாதிரி இருக்கும். அந்த எண் இல்லாத சாம்பிள் பாதி சாம்பிள்தான்.

மேட்டூர் திறந்து வண்டல் தண்ணீர் வரும் நாட்களில், நீரை வடித்துக் கிருமியைப் பிடிக்கும் மெம்பிரேன் ஃபில்டர் நம்மைக் கைவிடும். 100 மில்லி இறங்குவதற்குள் அடைத்துக்கொள்ளும். விப்ரியோவைப் பெருக்கும் காரத் திரவமான அல்கலைன் பெப்டோன் வாட்டரைப் பத்து மடங்கு அடர்த்தியில் தயாரித்து வைத்துக்கொண்டு, 450 மில்லி ஆற்று நீரில் 50 மில்லி அதை நேரடியாக ஊற்றிவிடுங்கள். சாக்கடை, வாய்க்கால் என்றால் இன்னும் எளிய வழி, மூர் ஸ்வாப்: காஸ் துணியை மடித்துச் சுருட்டி, நடுவில் மீன்பிடி நரம்பால் கட்டி, ஓடும் நீரில் ஒன்றிரண்டு நாள் தொங்கவிட்டு எடுத்து, அப்படியே பெப்டோன் வாட்டரில் போடுவது. ஒரு குவளை தண்ணீரில் சிக்காதது இதில் சிக்கும். கரையில் துணி துவைக்கிறவர்களிடமும் தெருக்காரர்களிடமும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் பிள்ளைகள் அவிழ்த்துவிடுவார்கள்.

பெப்டோன் வாட்டர்: லிட்டருக்குப் பெப்டோன் 10 கிராம், உப்பு 10 கிராம், பி.எச். 8.6. விப்ரியோவிலேயே இன்னொரு இனமான பாராஹீமோலிட்டிகஸ் தேடினால் உப்பு 30 கிராம். ஆட்டோகிளேவில் (நீராவி அழுத்தக் கலனில்) கிருமி நீக்கிய பிறகு பி.எச். இறங்கும், ஆறியபின் ஒரு குழாயிலிருந்து எடுத்துப் பார்த்தே ஆக வேண்டும். 37 டிகிரியில் 6 முதல் 8 மணி நேரம். ராத்திரி முழுக்க விட்டுவிட்டு காலையில் வந்தால் மற்ற கிருமிகள் மேலேறியிருக்கும். எடுக்கும்போது குடுவையைக் குலுக்கவே கூடாது. விப்ரியோ காற்றைத் தேடி மேலே நீந்தி வரும். பரப்பில் மெல்லிய ஏடு போலத் தெரியும். லூப்பை அந்த ஏட்டில் மட்டும் தொட்டு எடுங்கள்.

அடுத்தது டி.சி.பி.எஸ். அகார், விப்ரியோவைத் தேர்ந்து வளர்க்கும் தட்டு. இதை ஆட்டோகிளேவ் செய்யக் கூடாது. கொதிக்க வைத்துக் கரைத்து, ஆற வைத்து ஊற்ற வேண்டும். தட்டின் பரப்பு நன்றாக உலர்ந்திருக்க வேண்டும், ஈரத்தட்டில் காலனிகள் ஒன்றோடொன்று ஓடிக் கலந்துவிடும். 18 முதல் 24 மணி நேரத்தில் பார்த்தால் சுக்ரோஸைப் புளிக்க வைக்கும் விப்ரியோ இனங்களான காலரே (காலராக் கிருமி), ஆல்ஜினோலிட்டிகஸ் மஞ்சளாகவும், பாராஹீமோலிட்டிகஸ், பெரும்பாலான வல்னிஃபிகஸ் பச்சையாகவும் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை லீவு என்று தட்டை அப்படியே விட்டால் மஞ்சள் திரும்பவும் பச்சையாகிவிடும். திங்கட்கிழமை பார்த்த நிறத்தை நோட்டில் எழுதாதீர்கள்.

டி.சி.பி.எஸ். தட்டிலிருந்து நேரடியாக ஆக்ஸிடேஸ் சோதனை செய்கிறவர்களைப் பார்த்தால் கோபம் வரும். அந்தத் தட்டின் அமிலத்தால் பொய் முடிவு வரும். உப்பு சேர்த்த சாதாரண அகாரில் மறுபடி வளர்த்துத்தான் செய்ய வேண்டும், அதுவும் நைக்ரோம் லூப்பால் அல்ல, பிளாஸ்டிக் லூப்பாலோ மரக்குச்சியாலோ. சீரம் போட்டு ஒட்டுகிறதா என்று பார்க்கும் சோதனைக்கும் இதே விதிதான். பக்கத்தில் வெறும் சலைன் துளியில் கலந்து பார்க்காமல் "ஓ1 பாசிட்டிவ்" என்று கத்த வேண்டாம்.

ஸ்ட்ரிங் டெஸ்ட் மலிவானது: ஸ்லைடில் 0.5 சதவீத சோடியம் டீஆக்ஸிகோலேட் ஒரு துளி, அதில் காலனியைக் குழைத்து லூப்பை மெதுவாகத் தூக்கினால், காலரே என்றால் சளி நூலாக எழும்பி வரும். ஏரோமோனாஸ் என்ற வேறு கிருமியில் பெரும்பாலும் வராது, வந்தாலும் நிற்காது. நம் குளத்து நீரில் ஏரோமோனாஸ்தான் காலரே வேஷம் போட்டு அதிகம் ஏமாற்றுவது. பிரித்துக் காட்டுவது, லைசினையும் ஆர்ஜினினையும் கிருமி சிதைக்கிறதா என்று பார்க்கும் இரண்டு குழாய்: காலரேயில் லைசின் பாசிட்டிவ், ஆர்ஜினின் நெகட்டிவ், ஏரோமோனாஸில் ஆர்ஜினின் பெரும்பாலும் பாசிட்டிவ். பழைய புத்தகத்தில், விப்ரியோவைத் தடுக்கும் ஓ/129 மருந்து டிஸ்க்கை வைத்துப் பிரிக்கச் சொல்லியிருக்கும். கோ-டிரைமாக்ஸசோல் எதிர்ப்பைச் சுமக்கிற காலரேக்கள் இதையும் தாங்கிக்கொள்ளும், அதனால் அதை நம்பி இருக்க வேண்டாம்.

உப்பு வரிசை ஒன்று போடுங்கள்: 0, 3, 8, 10 சதவீதம். உப்பே இல்லாமல் வளர்ந்தால் காலரே பக்கம். 8-இல் வளர்ந்து 10-இல் நின்றால் பாராஹீமோலிட்டிகஸ் ஆக வாய்ப்பு. 10-இலும் கலங்கினால் ஆல்ஜினோலிட்டிகஸ். 8-இலேயே நின்றால் வல்னிஃபிகஸையும் நினைத்துப் பாருங்கள். செலவு கொஞ்சம் உப்பும் நான்கு டியூபும். இதற்குப் பிறகுதான் பி.சி.ஆர்.: பாராஹீமோலிட்டிகஸ் என்றால் டி.டி.எச்., டி.ஆர்.எச். நச்சு மரபணுக்கள், காலரே என்றால் காலரா நச்சின் மரபணுவான சி.டி.எக்ஸ்.ஏ. சூழலிலிருந்து எடுத்தவற்றில் பெரும்பாலும் இவை இருக்காது. அது தோல்வி இல்லை, அதுதான் இயல்பு. ஓ1 சீரமும் ஒட்டி, சி.டி.எக்ஸ்.ஏ-வும் வந்தால், அன்றைக்கே கைடிடம் சொல்லி அவர் வழியாக மாவட்ட நோய்க் கண்காணிப்புப் பிரிவுக்குத் தகவல் போக வேண்டும். பேப்பர் வந்த பிறகு சொல்வோம் என்று வைத்திருக்கக் கூடாது.

பாதுகாத்து வைப்பதில்தான் பல ஆய்வுகள் செத்துப்போகின்றன. விப்ரியோ வளர்த்த ஸ்லாண்டை (சாய்வு அகார் குழாயை) ஃப்ரிட்ஜில் வைக்காதீர்கள், சாகும். டிரிப்டோன் 1, உப்பு 1 சதவீதம் போட்ட அகாரில் குத்தி, மூடியை இறுக்கிச் சீல் வைத்து, இருட்டில் சாதாரண அறை வெப்பத்தில் வைத்தால் மாதக்கணக்கில் இருக்கும். கிளிசரால் 20 சதவீதத்தில் மைனஸ் 80 டீப் ஃப்ரீசரில் ஒரு பிரதி. புயல் வந்தால் டெல்டாவில் கரன்ட் நாள்கணக்கில் போகும், 2018 கஜாவை மறந்திருக்க மாட்டீர்கள். ஆகவே முக்கியமான கல்ச்சர்களுக்கு அகாரில் குத்தி வைத்த ஸ்டாப் பிரதியும் வேண்டும், முடிந்தால் வேறு ஊர் லேபில் இன்னொரு பிரதியும். ஆன்டிபயாட்டிக் டிஸ்க் குப்பியை ஃப்ரீசரிலிருந்து எடுத்தவுடன் திறக்காதீர்கள். அறை வெப்பத்துக்கு வரட்டும், இல்லாவிட்டால் ஈரம் கோர்த்து ஆம்பிசிலின் வகையெல்லாம் வீணாகும். வாரம் ஒருமுறை, ஒப்பிட்டுப் பார்ப்பதற்கான தரக் கிருமியான ஈ.கோலை ஏ.டி.சி.சி. 25922 போட்டுப் பார்த்தால் டிஸ்க் கெட்டதா கிருமி மாறியதா என்று தெரிந்துவிடும்.

இறால் குளத்துக்காரர்களிடம் போகும்போது "நோய்க்கிருமி" என்ற சொல்லை வாசலிலேயே எடுக்காதீர்கள். "அண்ணே, தண்ணி பார்க்க வந்தோம், ரிசல்ட் முதலில் உங்களுக்குத்தான்" என்று சொல்லி, சொன்னபடி கொடுங்கள். குளத்தின் பெயரை எங்கேயும் எழுதாதீர்கள். ஒரு வதந்தி போதும், வியாபாரி கிலோவுக்கு விலையைக் குறைத்துவிடுவார்.

இனி கொஞ்சம் சம்பந்தமில்லாத ஆதங்கம். நம் பக்கத்துக் கல்லூரிகளில் முதுகலை புராஜெக்ட் என்றாலே ஒரு இலை, மெத்தனால் சாறு, ஈ.கோலை, டிஸ்க்கைச் சுற்றிக் கிருமி வளராத வளையம். உடனே "சித்த மருத்துவத்துக்கு எதிரி" என்று கிளம்ப வேண்டாம். மூலிகையைப் பற்றி எனக்கு வழக்கே இல்லை. வழக்கு அந்த வளையத்தின் மேல். 10 மைக்ரோகிராம் ஆம்பிசிலின் டிஸ்க்குக்குப் பக்கத்தில் மில்லிகிராம் கணக்கில் சாறு ஊற்றி, வெறும் மெத்தனால் கன்ட்ரோல் இல்லாமல், "ஆன்டிபயாட்டிக்குக்குச் சமம்" என்று எழுதுகிறார்கள். சாறு அகாரில் எவ்வளவு பரவும் என்பதைப் பொறுத்தும் வளையம் மாறும். குறைந்தபட்சத் தடுப்பு அளவு எடுக்கச் சொன்னால் மைக்ரோடைட்டர் தட்டு இல்லை என்பார்கள். அதைக் காசு வாங்கிக்கொண்டு அச்சிடும் இதழும் இருக்கிறது. முனைவர் பட்டத்துக்குக் கட்டுரை வெளியிட்டே ஆக வேண்டும் என்ற கட்டாயத்தை 2022 விதிமுறையில் யு.ஜி.சி. எடுத்துவிட்டது, ஆனாலும் கேட்கிற இடங்கள் கேட்டுக்கொண்டுதான் இருக்கின்றன. உங்கள் எம்.எஸ்சி. புராஜெக்டும் அப்படி இருந்தால் மனம் தளர வேண்டாம், நேர்காணலில் அதை நீட்டி முழக்கவும் வேண்டாம்.

பணம்: சி.எஸ்.ஐ.ஆர். நெட் தேர்வு எழுதி ஜே.ஆர்.எஃப். (ஆராய்ச்சி உதவித்தொகை) கிடைத்தால் 2023 ஜனவரி முதல் மாதம் 37,000, இரண்டு வருடம் கழித்து 42,000, வீட்டு வாடகைப்படி தனி. வருவது மாதாமாதம் வரும் என்று நம்பி வண்டிக்கு இ.எம்.ஐ. போடாதீர்கள், நிலுவை சேர்ந்து மொத்தமாக வருவது சகஜம். இங்கேயே இடம் பார்க்க வேண்டுமானால் திருவாரூர் மத்தியப் பல்கலை, திருச்சி பாரதிதாசன், தஞ்சை சாஸ்த்ரா, நாகப்பட்டினம் மீன்வளப் பல்கலை, கொள்ளிடம் தாண்டினால் பரங்கிப்பேட்டை கடல் உயிரியல் மையம்.

சேருவதற்கு முன் கைடின் பேப்பர் எண்ணிக்கையைப் பார்க்காதீர்கள். லேபுக்குள் போய் மைனஸ் 80-க்குப் பின்னால் ஜெனரேட்டர் லைன் இருக்கிறதா, கல்ச்சர் பதிவேட்டில் யார் எப்போது எடுத்தார்கள் என்று எழுதியிருக்கிறதா, பயன்படுத்திய தட்டுகள் ஆட்டோகிளேவுக்குப் போகின்றனவா குப்பைத்தொட்டிக்குப் போகின்றனவா என்று பாருங்கள். முன்பு அங்கே படித்த ஒரு அக்காவையோ அண்ணனையோ தனியாக டீக்கடையில் பிடித்துப் பேசுங்கள். நெட்டுக்குப் படிக்கும்போது பார்ட் சி-யில் 75 கேள்வியில் 25 மட்டும் எழுதினால் போதும். தவறான விடைக்கு மதிப்பெண் கழிப்பார்கள், தெரியாததைத் தொடாதீர்கள்.