குளத்து வாத்துகள் எல்லாம் ஏன் ஒரே பழுப்பாகத் தெரிகின்றன?

கேள்வி: வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு குளம் இருக்கிறது. இலையுதிர்காலத்தில் நிறையப் பறவைகள் வரும் என்றார்கள், செப்டம்பரிலிருந்து போய்க்கொண்டிருக்கிறேன். வாத்துகள் எல்லாம் ஒரே பழுப்பு, பறவைக் கையேட்டுப் படத்தோடு எதுவும் ஒத்துப்போகவில்லை. கரையில் நடந்தாலே பாதிப் பறவைகள் பறந்துவிடுகின்றன. எப்போது போவது, எதைப் பார்ப்பது?

பதில்: உங்கள் கண்ணில் குறையில்லை. கையேடுகள் பெரும்பாலும் இனப்பெருக்கக் காலத்து ஆண் வாத்தைத்தான் பெரிதாகப் போடும். அந்தக் காலம் முடிந்ததும் பல இனங்களின் ஆண்கள் பளிச்சென்ற இறகுகளை உதிர்த்துவிட்டுப் பெட்டையைப் போலவே ஆகிவிடும். சிறகின் பறப்பு இறகுகளும் ஒரே சமயத்தில் விழுவதால் மூன்று நான்கு வாரம் பறக்கவே முடியாது, ஒளிந்திருக்கப் பழுப்புதான் வசதி. பச்சைத்தலை மல்லார்ட் வாத்துக்குப் பழைய நிறம் அக்டோபர், நவம்பர் வாக்கில் திரும்பும். அதற்கு நடுவே தலையில் திட்டுத்திட்டாகப் பச்சை ஏறிய ஆண்களைப் பார்க்கலாம். எந்தப் படத்திலும் சேராத அந்தப் பறவைகள்தான் உங்களைக் குழப்பியிருக்கும்.

அதனால் நிறத்தை விட்டுவிட்டு அலகுக்குப் போங்கள். பழுப்பாக இருக்கும்போதும் மல்லார்ட் ஆணின் அலகு ஒரே சீரான மஞ்சள்பச்சை. பெட்டைக்கு ஆரஞ்சு நிறத்தில் கருந்திட்டுகள் இருக்கும். தட்டைவாயன் வாத்தின் அலகு நுனியில் கரண்டி போல விரிந்திருக்கும், தூரத்திலேயே தெரிந்துவிடும். ஊசிவால் வாத்துக்கு நீண்டு மெலிந்த கழுத்து. கிளுவை, மற்ற வாத்துகளின் பக்கத்தில் நிற்கும்போது குட்டியாகத் தெரியும்.

அப்புறம், அது சாப்பிடும் விதம். வாலை மேலே தூக்கித் தலைகீழாக மேய்கிறதா, முழுவதும் முங்குகிறதா? மேயும் வாத்து தண்ணீரிலிருந்து சட்டென்று எழும்பும், முங்கும் வாத்து தண்ணீர்மேல் கொஞ்ச தூரம் ஓடித்தான் எழும்பும். முக்குளிப்பான் என்ற சின்ன நீர்ப்பறவையும் இப்போது கழுத்தின் செம்பழுப்பை இழந்து மங்கலாகத்தான் இருக்கும், பலர் அதை வாத்துக் குஞ்சு என்று நினைத்துவிடுவார்கள்.

என்னைக் கேட்டால், இந்தப் பருவத்தில் வாத்துகளைவிடச் சேற்று ஓரம்தான் சுவாரசியம். நீர்மட்டம் இறங்கி ஒரு முழம் சேறு வெளியே தெரிந்தால் போதும், வலசை போகும் உள்ளான்கள் என்ற கரைப்பறவைகள் இறங்கும். பின்பக்கத்தை ஓயாமல் ஆட்டிக்கொண்டே நடப்பது சாதாரண உள்ளான். மார்பின் பழுப்புக்கும் சிறகுக்கும் நடுவே வெள்ளை ஒரு கொக்கிபோல் மேலே ஏறியிருக்கும். பறக்கும்போது நீரை ஒட்டியே, சிறகை விறைப்பாகப் படபடத்துப் போகும். பல உள்ளான் இனங்களில் வளர்ந்த பெரிய பறவைகள் முன்னால் கிளம்பிவிடும், அந்த ஆண்டு பிறந்தவை பிறகுதான் வரும். பெரியவற்றின் இறகுகள் தேய்ந்து கசங்கியிருக்கும். இளசுகளின் முதுகிலோ ஒவ்வோர் இறகுக்கும் வெளிறிய ஓரம் வரிவரியாகத் தெரியும்.

பறவைகள் பறந்துவிடுவதற்கு நீங்கள் நடப்பதுதான் காரணம். வலசைப் பறவை இறங்குவதே தின்று கொழுப்பு சேர்க்கத்தான், ஒவ்வொரு முறை விரட்டும்போதும் அதில் கொஞ்சம் வீணாகிறது. விடிந்த கையோடு போய், முதுகுக்குப் பின்னால் சூரியன் இருக்கும்படி கிழக்குக் கரையில் உட்காருங்கள். மாலையென்றால் மேற்குக் கரை. அரை மணி நேரம் அசையாமல் இருந்தால் போனவற்றில் பல திரும்பி வரும். பலத்த காற்றடித்தால் வாத்துகள் காற்று படாத ஓரமாக ஒதுங்கும், முதலில் அங்கே பாருங்கள். வலசைப் பறவைகளில் பல இரவில் பறப்பவை. விடியற்காலை மழை பெய்தால் பயணத்தை நிறுத்திவிட்டுக் கிடைத்த இடத்தில் இறங்கும். அதனால் மழை விட்ட காலையைத் தவறவிடாதீர்கள்.

பைனாகுலர் 8x42 போதும். 8 என்பது உருப்பெருக்கம், 42 என்பது முன் கண்ணாடியின் விட்டம், மில்லிமீட்டரில். 10 மடங்கு வாங்கினால் கை நடுக்கமும் சேர்ந்தே பெரிதாகும். சின்னக் குளத்துக்கு ஸ்கோப் (முக்காலியில் வைத்துப் பார்க்கும் தொலைநோக்கி) இப்போதைக்கு வேண்டாம்.