சூனியக்காரிகளும் மாற்று வரலாறும் கலந்த ஜப்பானிய லைட் நாவல் (இளைஞர்களுக்காகப் படங்களோடு வரும் சிறு நாவல்) ஏதாவது சொல்ல முடியுமா? கிளைக்கதையாக இருந்தாலும் பரவாயில்லை.

முடியும். 'ஸ்ட்ரைக் விட்சஸ்' தொடரின் கிளைக்கதையான 'சுவோமுஸ் இரான்கோ சூதாய்' படியுங்கள். தமிழில் 'வேண்டாதவர்கள் அணி' என்று வைத்துக்கொள்ளலாம். எழுதியவர் நோபோரு யாமாகுச்சி. முதல் பாகம் 2006இல் வந்தது. இந்தத் தொடரைப் பலருக்கும் அறிமுகப்படுத்திய டிவி அனிமே 2008இல்தான் வந்தது என்பதால், அனிமே பார்க்காமலே இதைத் தொடங்கலாம்.

கதையின் உலகம் இப்படி. 1939. ஐரோப்பாவில் போர், ஆனால் மனிதருக்கும் மனிதருக்கும் இல்லை. நியூராய் என்ற, மனிதரல்லாத எதிரி நாடு நாடாக விழுங்கிக்கொண்டு வருகிறது. அதை எதிர்க்கும் மந்திரசக்தி சில இளம்பெண்களுக்கு மட்டும் உண்டு, இருபது வயதை ஒட்டி அதுவும் வடிந்துவிடும். அவர்கள் கால்களில் மாட்டிக்கொண்டு பறக்கும் கருவிக்கு ஸ்ட்ரைக்கர் என்று பெயர். ஜப்பான் அங்கே ஃபுசோ, ஜெர்மனி கார்ல்ஸ்லாண்ட், அமெரிக்கா லிபெரியன், பின்லாந்து சுவோமுஸ்.

சுவோமுஸ் உதவி கேட்கிறது. மற்ற நாடுகள் என்ன செய்கின்றன? தங்களுக்குத் தலைவலியாக இருப்பவர்களைப் பார்த்து அனுப்பிவைக்கின்றன. லிபெரியனிலிருந்து வரும் ஓ'ஹேர் கருவியை உடைப்பதில் பெயர்போனவள். கார்ல்ஸ்லாண்டின் உர்சுலா ஹார்ட்மன் புத்தகத்தை விட்டுத் தலை நிமிராதவள். ஃபுசோவின் தோமோகோ அனாபுகி மட்டும் உண்மையிலேயே பெரிய வீராங்கனை. முக்கியப் போர்முனைக்குப் போவோம் என்று நம்பியிருந்தவளை இந்தப் பனிக்காட்டில் கொண்டுவந்து விட்டுவிடுகிறார்கள். அந்த ஏமாற்றமும் கர்வமும்தான் கதையை நகர்த்துகின்றன.

இவர்களில் பலருக்குப் பின்னால் நிஜ விமானிகள் இருக்கிறார்கள் என்பதுதான் என்னை இதில் கட்டிப்போட்டது. அனாபுகி, பர்மா வான்வெளியில் பறந்த ஜப்பானியத் தரைப்படை விமானி. ஆனால் நான் சொல்ல வந்தது எலிசபெத் பூர்லிங் பற்றி. நாவலில் அவள் யார் சொல்லும் கேட்காதவள், எந்த அணியிலும் ஒட்டாதவள். அவளுக்கு மூலமான ஜார்ஜ் பூர்லிங் கனடாக்காரர், 1942இல் மால்டா தீவின் மேல் சில மாதங்களில் 27 விமானங்களை வீழ்த்தியவர், மேலதிகாரிகளுக்கு அடங்காதவர். 1939 நவம்பர் 30 அன்று சோவியத் படை பின்லாந்துக்குள் நுழைந்து குளிர்காலப் போர் தொடங்கியபோது, பின்லாந்துக்காகப் பறக்கிறேன் என்று இவர் விண்ணப்பித்தார். வயது போதவில்லை, பெற்றோர் சம்மதம் வேண்டும் என்றார்கள். பெற்றோர் ஒத்துக்கொள்ளவில்லை. அந்தப் போர் 1940 மார்ச் 13இல் முடிந்தும் போனது. அவர் பிரிட்டிஷ் விமானப்படையில் சேர்ந்தார், 1948இல் ரோமில் நடந்த விமான விபத்தில் இறந்தார்.

நாவலில் பூர்லிங் பின்லாந்துக்குப் போய்விடுகிறாள்!

இதைப் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. மாற்று வரலாறு என்றாலே ஹிட்லர் ஜெயித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற அளவிலேயே யோசிக்கிறோம். இங்கே ஒரு பதினெட்டு வயதுப் பையன் கேட்டுக் கிடைக்காமல் போன ஒன்று அவன் பெயர் கொண்ட ஒருத்திக்குக் கிடைக்கிறது. யாமாகுச்சி இந்த விண்ணப்பத்தை மனதில் வைத்துத்தான் அவளை அங்கே அனுப்பினாரா என்று கேட்காதீர்கள், எனக்கு அது இரண்டாம்பட்சம். நிஜத்தில் எதிரெதிர் முகாமில் நின்ற ஜப்பானும் ஜெர்மனியும் அமெரிக்காவும் பிரிட்டனும் ஒரே கூடாரத்தில் கணப்பு காய்கின்றன. பின்லாந்துக்கு அப்போது நிஜமாகவே வெளிநாட்டுத் தொண்டர்கள் வந்தார்கள் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். தியேகோ மன்சோக்கி என்ற இத்தாலிய விமானி, போர் முடிய இரண்டே நாள் இருக்கும்போது, மார்ச் 11 அன்று அங்கே உயிர்விட்டார். வேற்று நாட்டுக்காரர்கள் வந்து சேரும் பனிமுகாம் என்பது வெறும் கற்பனை இல்லை.

பிடிக்காததையும் சொல்லிவிடுகிறேன். பதின்வயதுப் பெண்களைக் கால்சட்டையில்லாமல் வரைவதும் அதை வைத்து ஆபாச நகைச்சுவை செய்வதும் தொடர் முழுக்க உண்டு. என்னால் அதை ஏற்க முடியவில்லை. அந்த இடங்களைத் தாண்டிப் போய்விடுவேன். இன்னொரு குறை இதைவிடப் பெரியது. எதிரியை நியூராய் ஆக்கியதும் பின்லாந்தைத் தாக்கிய சோவியத் படை மறைந்துவிடுகிறது, 1937இல் ஜப்பான் சீனாவில் தொடங்கிய போரும் மறைந்துவிடுகிறது. முதலாவது கதைக்காக என்று விட்டுவிடலாம். இரண்டாவதை ஒரு ஜப்பானியத் தொடர் அழிக்கும்போது எனக்கு உறுத்துகிறது. வீரர்களின் சாகசத்தை வைத்துக்கொண்டு அவர்கள் யாரை எதிர்த்துப் பறந்தார்கள் என்பதை மட்டும் எடுத்துவிட முடியாது.

யாமாகுச்சி மூன்று பாகங்கள் எழுதினார். 2013 ஏப்ரலில், 41 வயதில், புற்றுநோயால் இறந்தார். அப்புறம் 2017இல் தோஷிஹிகோ சுகிஜி 'ரீபூட்' என்ற பெயரில் இதே அணியை வைத்து மறுபடி எழுதத் தொடங்கினார். நீங்கள் பழைய மூன்றிலிருந்தே தொடங்குங்கள். ரசிகர்கள் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பில்தான் நான் படித்தேன், நடை கொஞ்சம் கரடுமுரடுதான், ஆனால் கதை புரிந்தது. ஒவ்வொரு பாத்திரம் வரும்போதும் அதற்கு மூலமான விமானி இருந்தால் அவரைப் பற்றி ஒரு பக்கமாவது தேடிப் படித்துவிட்டு மேலே போங்கள்.