சீரம் கலந்த ஃபவுண்டேஷன்: மலைக்குளிருக்குச் சரிப்படுமா?

குன்னூரில் 18 வருடமாக பார்லர் வைத்திருக்கிறேன். சீரம், அதாவது தோலைப் பராமரிக்கப் பூசுகிற திரவம், கலந்து 'மேக்கப்பும் ஆச்சு, தோலுக்கும் ஆச்சு' என்று இப்போது விற்கிற திரவ ஃபவுண்டேஷன் (முகத்து நிறம் சீராகத் தெரியப் பூசும் மேக்கப்) பற்றித்தான் இந்த மாதம் அதிகக் கேள்விகள். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

கோத்தகிரியிலிருந்து ஒரு தங்கை: அக்கா, தோலுக்கு நல்லது என்று ஹையலூரானிக் ஆசிட், நியாசினமைடு (வைட்டமின் பி3 வகை), வைட்டமின் சி எல்லாம் இதில் இருக்கிறதாம். விலை இரண்டு மடங்கு. வாங்கலாமா?

அட்டைப்பெட்டியைத் திருப்பிப் பின்பக்கம் பாரும்மா. பொடி எழுத்தில் என்னென்ன கலந்திருக்கிறது என்று இருக்கும். அதிகம் போட்டது முதலில் வரும். 1 சதவீதமும் அதற்குக் குறைவாகவும் இருப்பவற்றைக் கடைசியில் எந்த வரிசையிலும் எழுதலாம். நான் முதலில் தேடுவது ஃபீனாக்ஸிஎத்தனால். சரக்கு கெடாமல் இருக்கச் சேர்ப்பது, 1 சதவீதம்தான் அதற்கு உச்சவரம்பு. அதற்கும் பின்னால் நியாசினமைடு நின்றால் அதன் அளவு என்னவென்று நீயே கணக்குப் போட்டுக்கொள். பலன் தெரிந்ததாக ஆய்வுகளில் வருவது பெரும்பாலும் 2 முதல் 5 சதவீதம் வரை. பெருங்காயம் என்றால் துளி போட்டாலே மணக்கும், இது அப்படி இல்லை. ஹையலூரானிக் கொஞ்சம் இருந்தாலும் ஈரத்தைப் பிடித்து வைக்கும், அதைக் குறை சொல்ல மாட்டேன். வைட்டமின் சி காற்றும் வெளிச்சமும் பட்டால் வீரியம் போய்விடுகிற சரக்கு, அதை நம்பிக் காசு கொடுக்காதே.

முதலில் அது நல்ல ஃபவுண்டேஷனா என்று பார், மீதியெல்லாம் கொசுறு. கறிவேப்பிலை சும்மா வருகிறதே என்று சொத்தைக் கத்தரிக்காய் வாங்குவோமா?

குன்னூர்: கடையிலேயே எப்படிச் சோதிப்பது?

புறங்கையில் தேய்த்துப் பார்க்காதீர்கள், அந்த நிறம் வேறு, முகத்து நிறம் வேறு. தாடை ஓரத்தில் மூன்று ஷேடைக் கோடு கோடாகப் போட்டுக்கொண்டு வெளியே பகல் வெளிச்சத்துக்கு வந்துவிடுங்கள். மார்க்கெட்டிலிருந்து பெட்ஃபோர்டு வரை மேடு ஏறி, ஒரு டீ குடித்துவிட்டுப் பாருங்கள். ஒரு மணி நேரத்தில் சில ஃபவுண்டேஷன் ஒரு படி கருத்துவிடும். எந்தக் கோடு கண்ணுக்குத் தெரியாமல் போனதோ அதுதான் உங்களுக்கு.

ஊட்டி: எஸ்பிஎஃப் 30 என்று போட்டிருக்கிறது. சன்ஸ்கிரீன் தனியாக வேண்டுமா? இங்கே வெயிலே இல்லையே அக்கா.

குளிருகிறது, அதனால் வெயில் இல்லை என்று நினைத்துக்கொள்கிறோம். ஆயிரம் மீட்டர் ஏறினால் புற ஊதாக்கதிர் சுமார் 10 சதவீதம் கூடும், ஊட்டியோ 2,200 மீட்டருக்கு மேலே. எஸ்பிஎஃப் என்பது வெயிலிலிருந்து எவ்வளவு காக்கும் என்று காட்டுகிற எண். அந்த 30 என்பது தோலில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் பூசி அளந்த கணக்கு. நாம் பூசுவது ஒரு பம்ப், மிஞ்சிப்போனால் இரண்டு. அளவுப்படி ஃபவுண்டேஷனை அப்பினால் கூத்துக்கு வேஷம் கட்டின மாதிரி இருக்கும். சன்ஸ்கிரீனைத் தாராளமாகப் பூசி, அது காய்ந்த பிறகு மேலே இதைப் போடு.

லவ்டேல் டீச்சர்: ஜனவரியில் காலையில் போட்டால் முதல் பீரியட் முடிவதற்குள் மூக்கோரம் செதில் செதிலாக நிற்கிறது.

உறைபனிக் காலத்துக் காற்றில் ஈரம் ஏது டீச்சர்? போதாததற்குக் கொதிக்கக் கொதிக்க வெந்நீரில் முகம் கழுவுகிறோம், இருக்கிற எண்ணெயும் போய்விடுகிறது. வெதுவெதுப்பான தண்ணீர் போதும். துண்டால் ஒற்றி, ஈரம் முழுதாகக் காய்வதற்குள் மாய்ஸ்சரைசர். ஐந்து நிமிடம் கழித்து, நனைத்துப் பிழிந்த ஸ்பாஞ்சால் ஃபவுண்டேஷனை ஒற்றி ஒற்றி வையுங்கள், இழுத்துத் தேய்த்தால் செதில் தூக்கிக்கொள்ளும். மூக்கோரம் பவுடர் வேண்டவே வேண்டாம்.

அரவேனு, கல்யாணப் பெண்: பளபளவென்று இருக்கிற சீரம் ஃபவுண்டேஷனே முகூர்த்தத்துக்கும் போதுமா? மண்டபம் மேட்டுப்பாளையத்தில்.

கீழே அந்தப் புழுக்கத்தில், ஹோமப் புகைக்கு முன்னால், தாலி ஏறுவதற்குள் வழுக்கிவிடும். அங்கே பளபளக்காத மேட் வகைதான். ட்ரையலையும் கீழே போய்ப் பார்.

கூடலூர்: கன்னத்தில் மங்கு (கருந்திட்டு). இது சரிசெய்யுமா?

மறைக்கும், போக்காது. ஆனால் நிறத்துக்காகச் சேர்க்கிற அயர்ன் ஆக்ஸைடு, மங்கைக் கூட்டுகிற சாதாரண வெளிச்சத்தையும் ஓரளவு தடுக்கும், அந்த வகையில் லாபம். தோல் டாக்டரை ஒருமுறை பாருங்கள். லேபிள் இல்லாத சிவப்பழகு கிரீம் பக்கம் மட்டும் போகாதீர்கள், பாதரசம் கலந்தவை பிடிபட்டிருக்கின்றன.

மஞ்சூர்: கோவையில் வாங்கி வந்த பாட்டிலைத் திறந்ததும் பீய்ச்சி அடித்தது. கெட்டுப்போனதா?

இல்லை. மலை ஏறும்போது சிப்ஸ் பாக்கெட் உப்புகிறதே, அதே கதைதான். மேலே காற்றழுத்தம் குறைவு, உள்ளே அடைபட்ட காற்று முட்டிக்கொண்டு வருகிறது. வாஷ்பேசினுக்கு மேலே பிடித்து மெதுவாகத் திற. வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு திறக்காதே, நான் திறந்திருக்கிறேன்.