மண்ணடி முதல் மணலி வரை: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: ஆண்டர்சன் தெரு முழுக்கக் காகிதம், கோடவுன் தெரு முழுக்கத் துணி. போட்டிக் கடைக்குப் பக்கத்திலேயே ஏன் கடை போடுகிறார்கள்?
*- வாசகி, கொண்டித்தோப்பு*

கல்யாணப் பத்திரிகைக்கு அட்டை வாங்க வருகிறவர் நாலு கடை ஏறி இறங்கி, கனமும் விலையும் பார்த்துத்தான் வாங்குவார். தனியாக வேறு பேட்டையில் கடை திறந்தால் அவர் அந்தப் பக்கமே வரமாட்டார். தன்னிடம் இல்லாத அளவைப் பக்கத்துக் கடையிலிருந்து எடுத்துக் கொடுக்கலாம். காகிதம் வெட்டுபவர், மீன்பாடி வண்டி, பார்சல் ஆபீஸ் எல்லாம் கூப்பிடு தூரம். அந்தச் செலவைத் தெருவே பகிர்ந்துகொள்கிறது. புவியியலில் இதைத் திரட்சி என்கிறோம்.

அதற்கும் எல்லை உண்டு. கொத்தவால் சாவடிக் காய்கறிச் சந்தை 1996-ல் கோயம்பேட்டுக்குப் போனது. காய்கறி அழுகும் சரக்கு. ராத்திரியே லாரியில் வந்து விடிவதற்குள் பிரிந்தாக வேண்டும். மாட்டுவண்டிக் காலத்துத் தெருக்கள் அதற்குத் தாங்கவில்லை. காகிதம் காத்திருக்கும், அதனால் தங்கிவிட்டது.

கேள்வி: பர்ஜெஸின் வட்ட மாதிரி வடசென்னைக்குப் பொருந்துமா? தேர்வுக்குப் படிக்கிறேன்.
*- மாணவர், தண்டையார்பேட்டை*

பொருந்தாது. நகரம் எப்படி வளர்கிறது என்று காட்ட, சமூகவியலாளர் பர்ஜெஸ் 1925-ல் சிகாகோவைப் பார்த்து வரைந்தது அது: நடுவில் வணிகம், சுற்றிலும் வளையங்கள். இங்கே ஒரு பக்கம் கடல் என்பதால் வளையம் பாதியிலேயே அறுந்துவிடும். கோட்டையை ஒட்டி இந்தியர்கள் வாழ்ந்த பழைய கருப்பர் நகரமும் பிரெஞ்சுப் போர்களின் காலத்தில் இடிக்கப்பட்டு, பீரங்கிக்கு மறைப்பில்லாத வெட்டவெளியானது. 1892-ல் திறந்த உயர் நீதிமன்றம் நிற்பது அங்கேதான். முத்தியால்பேட்டையும் பெத்துநாயக்கன்பேட்டையும் அதற்கு வடக்கே வளர்ந்தன. இரண்டுக்கும் நடுவே ஓடிய வாய்க்காலைத் தூர்த்த இடம்தான் பிராட்வே.

ஹாய்ட் 1939-ல் சொன்ன ஆப்பு வடிவ மாதிரிதான் நெருங்கி வருகிறது. ஒரு திசையில் தொழில் கால் ஊன்றினால் அடுத்த தொழிலும் அங்கேயே போகும். தண்டவாளமும் தொழிலாளர் குடியிருப்பும் அங்கே தயாராக இருக்குமே! 1856-ல் ராயபுரம் ரயில் நிலையம், பிறகு பெரம்பூர் ஆலைகள், துறைமுகம், 1969-ல் மணலி சுத்திகரிப்பு ஆலை, 1970-ல் எண்ணூர் அனல்மின் நிலையம் என்று ஆப்பு வடக்கே நீண்டது. வசதியானவர்கள் மேற்கிலும் தெற்கிலும் வீடு கட்டினார்கள். புகையும் சாம்பலும் ஒரே திசை மக்கள் தலையில் விழுந்தது தற்செயல் அல்ல. இதை விடையில் எழுதத் தயங்காதீர்கள். மணலியையும் எண்ணூரையும் தனிக் கருக்களாக, அதாவது தனி மையங்களாகக் குறித்தால் ஒரே நகரத்துக்குப் பல மையங்கள் உண்டு என்று ஹாரிஸ்-உல்மன் 1945-ல் சொன்ன பல்கரு மாதிரியும் விடைக்குள் வந்துவிடும்.

கேள்வி: மணலி புதுநகர் பக்கம் மனை பார்த்திருக்கிறோம். நில உபயோகத்தை எப்படிச் சரிபார்ப்பது?
*- வாசகர், கொருக்குப்பேட்டை*

முதலில் கிராமத்தின் பெயரும் உட்பிரிவோடு சேர்ந்த சர்வே எண்ணும் வேண்டும். உட்பிரிவுக்கு முந்தைய பழைய எண்ணைத் தருவது வழக்கமான சிக்கல். பட்டாவோடும், நிலத்தின் எல்லையும் அளவும் காட்டும் புலப்படத்தோடும் ஒத்துப்பாருங்கள். பிறகு அந்த எண்ணைச் சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமத்தின் (சி.எம்.டி.ஏ.) இரண்டாம் முழுமைத் திட்ட நில உபயோக வரைபடத்தில் தேடுங்கள். ஒரே சர்வே எண் இரண்டு வகைப்பாட்டில் விழுவதுண்டு, ஆகவே உங்கள் மனை எந்தப் பாதியில் என்று பார்க்க வேண்டும். 'தனி மற்றும் அபாயகரமான தொழில்' என்று இருந்தால் விட்டுவிடுங்கள். பக்கத்து நிலங்களின் வகைப்பாட்டையும் பாருங்கள். நாளை சுவருக்கு அந்தப் பக்கம் என்ன வரும் என்பதை அதுதான் சொல்லும். ஆறு, கழிமுகம் அருகே என்றால் கடலோர ஒழுங்குமுறை மண்டல வரைபடமும் அவசியம்.

"வகைப்பாட்டை மாற்றிக்கலாம் சார்" என்று தரகர் சொன்னால், மாற்றிய பிறகு வாங்குவதாகச் சொல்லுங்கள். 2016 அக்டோபர் 20-க்குப் பின் போட்ட அங்கீகாரமற்ற மனைப்பிரிவுக்கு அத்தகைய மனைகளை முறைப்படுத்த வந்த 2017-ன் வரன்முறைத் திட்டம் உதவாது. 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில் 10 விழுக்காடு பொது இடமாக விடவேண்டும்; அங்கீகரித்த வரைபடத்தில் பூங்கா என்று காட்டிய இடத்தையே மனையாக விற்பதும் நடக்கிறது. உங்கள் மனை எண் அந்த வரைபடத்தில் இருக்கிறதா என்று பார்த்த பிறகே முன்பணம் கொடுங்கள்.